பிரின்சிபால் அறைக்குப் பின்னால் அடித்த வெயில்

எங்கள் பள்ளியில் தையல் அறைக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் இருப்பது வெறும் மரத்தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் ஊசியில் நூல் கோக்கிற என் கை ஆடும். அதனால் அவள் வந்து சேர்ந்த முதல் நாளே எனக்குத் தெரிந்துபோனது, இனி எனக்கு நிம்மதி கிடையாது என்று.

நீண்ட விடுப்பில் போன அறிவியல் டீச்சருக்குப் பதிலாக வந்தவள் அவள். காலையில் வந்தாள், மதியத்துக்குள் அடுத்த அறையில் டமால் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் வெந்நீர். ஊதி அணைத்த தீக்குச்சியின் புகையை அதற்குள் விட்டு, மூடியைத் திருகி, முன் பெஞ்சுப் பிள்ளையிடம் கொடுத்திருந்தாள். அமுக்கினால் பாட்டில் தெளிவாக இருக்கிறது. கையை எடுத்தால் உள்ளே வெள்ளையாக மேகம் கூடுகிறது. எல்லோரும் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்ததில் பெஞ்சு கவிழ்ந்திருந்தது. டீச்சரும் பெஞ்சின் மேல்தான் நின்றிருந்தாள்.

"என்னம்மா இது, பள்ளிக்கூடமா சந்தையா?" என்றேன்.

"சாரிக்கா. மேகம் வந்துடுச்சு, அதான்," என்றாள்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் காத்தாடி டீச்சர். பொருத்தமான பெயர். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது அவளுக்கு. உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரோடு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள், நடுவில் வானத்தைப் பார்ப்பாள், தேநீர் ஆறிப்போகும். வீட்டுக்காரருடைய சாக்ஸை வெட்டி ஒரு தெர்மாமீட்டரின் நுனியில் சுற்றி, அதை ஈரமாக்கி, பக்கத்தில் உலர்ந்த தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டு, "எவ்வளவு வித்தியாசம் இருக்கோ அவ்வளவு காத்து காஞ்சிருக்கு" என்று விளக்குவாள். தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியின் ஒரு மூலையில் மை கலந்த ஐஸ் கட்டியையும் இன்னொரு மூலையில் வெந்நீர்க் குப்பியையும் வைத்து, காற்று எப்படி ஓடுகிறது என்று காட்டுவாள். தொட்டி உடைந்தால், கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே அடுத்த பாடத்தை ஆரம்பித்துவிடுவாள்.

சேர்ந்து கொஞ்ச நாளில் என் அறைக்குள் வந்து நின்றாள். அப்போது நல்ல குளிர்காலம்.

"அக்கா, பிள்ளைங்களுக்குக் குரோஷா சொல்லித் தருவீங்களா?"

"எதுக்கு? மேகத்துக்குச் சட்டை போடவா?"

அவள் சிரிக்கவில்லை. தினமும் ஒரு பிள்ளை கொக்கி ஊசியால் ஒரு வரிசை பின்ன வேண்டும், அதுதான் திட்டம். அன்றைக்கு வெப்பம் எவ்வளவு ஏறியதோ அதற்குத் தக்க நிறத்தில் உல்லன் நூல். குளிர்ந்த நாளுக்கு நீலம், இதமான நாளுக்குப் பச்சை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, தாங்க முடியாத நாளுக்குச் சிவப்பு, விடுமுறைக்கு வெள்ளை. வருஷம் முடிந்தால் வராந்தாச் சுவர் நீளத்துக்கு ஒரு பட்டை வரும்.

"வந்து?"

"அதுக்குக் கீழ அடுத்த வருஷத்துப் பட்டை. அதுக்குக் கீழ அதுக்கடுத்தது. இன்னைக்கு மழை, நாளைக்கு வெயில், அதெல்லாம் வானிலை. அத ஒரு பாட்டில வச்சுக்கூடக் காட்டிடலாம். காலநிலையக் காட்டணும்னா வருஷங்கள ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வச்சுத்தான் காட்டணும்." நூலைத் தொட்டபடியே சொன்னாள்: "நான் எந்த ஸ்கூல்லயும் ஒரே மாசத்த ரெண்டு தடவ பார்த்ததில்லக்கா."

போகிற பள்ளியிலெல்லாம் யாருக்கோ பதிலாகப் போகிறவள். அவர்கள் திரும்பினால் இவள் கிளம்ப வேண்டும். சரி வா, சொல்லித் தருகிறேன் என்றேன்.

வெப்பம் பார்க்கிற பெட்டியை அவளுடைய வீட்டுக்காரர் பழைய ஜன்னல் கதவை அறுத்துச் செய்து கொடுத்தார். அவர் எலக்ட்ரீசியன். எந்த ஊரானாலும் ஒயர் ஒயர்தானே என்று மனைவியின் பின்னாலேயே வருகிறவர். பெட்டிக்கு வெள்ளை அடித்தார்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர். ஒரு நாளில் வெப்பம் எவ்வளவு உயரத்துக்கு ஏறியதோ அந்த இடத்தில் அதன் குச்சி அப்படியே நின்றுவிடும். மறுநாள் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிவிட வேண்டும். பெட்டி வைக்க இடம் தேடிப் பள்ளி முழுவதும் சுற்றினாள். நேர் வெயில் படக் கூடாது, காற்று போய்வர வேண்டும், ஆள் உயரத்தில் இருக்க வேண்டும். கடைசியில் பிரின்சிபால் அறைக்குப் பின்னால் இருந்த சந்து பிடித்திருந்தது. நிழலும் சிலுசிலுவென்று காற்றுமாக இருந்த சந்து அது.

பட்டை வளர்ந்தது. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளானது. என் தையல் வகுப்புக்கு வந்த மவுசைச் சொல்ல வேண்டும். ஊசியைத் தொட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்த பயல்களெல்லாம் முறை வைத்துக்கொண்டு வந்து பின்னினார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் ஒருவன் சந்துக்கு ஓடி, பார்த்து, கத்திக்கொண்டே வருவான்: "ஆரஞ்சு!" அப்புறம் ஒருநாள் "சிவப்பு!" அதற்கப்புறம் வரிசையாகச் சிவப்புதான்.

பட்டையை முன்கூடத்தில் மாட்டினார்கள். வருகிறவர்களிடமெல்லாம் பிரின்சிபால் அதைக் காட்டினார். பார்க்கிறவர்கள் சிவப்பைக் கண்டு உச்சுக் கொட்டினார்கள். உலகம் கெட்டுப்போச்சு என்றார்கள். பிரின்சிபாலுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவரே உட்கார்ந்து பின்னியதைப்போல நடந்தார்.

ஒருநாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆண்டு விழாவுக்குத் தாளாளர் அம்மா வராங்க. இந்தப் பட்டைய மேடையிலயே வைக்கலாம். உங்கள அடுத்த வருஷமும் வச்சுக்கச் சொல்லி நான் பேசறேன். பழைய டீச்சர் லீவ நீட்டிட்டாங்க. நான் சொன்னா அம்மா தட்ட மாட்டாங்க." தாளாளர் அம்மா என்பவர் பள்ளியின் சொந்தக்காரி. அவர் தலையாட்டாமல் இங்கே ஒரு சாக்பீஸ்கூட வாங்க முடியாது.

அன்று சாயங்காலம் நூல் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். குடிவந்து எத்தனையோ மாதமாகியும் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் கட்டுப் பிரிக்காமல் அடுக்கிக் கிடந்தன. ஒரு பெட்டியின் மேல் துணி விரித்து அதைத்தான் மேசையாக வைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் அதில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உன் பொம்மையெல்லாம் எங்கடி?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ள," என்று தான் எழுதிக்கொண்டிருந்த பெட்டியைத் தட்டினாள். "இங்க இருக்கப்போறோம்னு தெரிஞ்சா எடுப்போம்."

வேறு யாருடைய வீட்டு விஷயமோ என்பதைப்போல அது சொன்ன விதம் என்னை என்னவோ செய்தது. காத்தாடி சமையலறைக்கும் கூடத்துக்கும் குட்டிபோட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் பிரின்சிபால் ஏதோ மாநாட்டுக்கென்று ஒரு வாரம் வெளியூர் போனார். அவர் போன மறுநாள் பெட்டியைப் பார்க்கப் போனவன் கத்திக்கொண்டு வந்தான்: "டீச்சர், மஞ்சள்!"

வகுப்பே துள்ளியது. எங்கோ மழை பெய்திருக்கிறது என்றான் ஒருவன். காற்று திசை மாறிவிட்டது என்றாள் ஒருத்தி. அடுத்த நாளும் மஞ்சள். அதற்கடுத்த நாளும். பிள்ளைகள் கரும்பலகையில் காரணங்களை எழுதிக் குவித்தார்கள். எனக்கோ முந்தைய வாரம் போலவே முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தடுப்பைத் தட்டி, "அடியே, உன் மஞ்சள் எனக்கு மட்டும் ஏன் உறைக்கல?" என்று கேட்டேன். அவளுக்கும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரம் அவள் பட்ட பாடு! தெர்மாமீட்டரைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். பாடம் நடத்தும்போதே பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போவாள். பிரின்சிபால் திரும்பி வந்த அன்று காலையில் அவளுக்கு முதல் வகுப்பு இல்லை. சந்தில் போய்ப் பெட்டியின் முன் நின்றிருக்கிறாள். சந்தின் திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ உறுமியிருக்கிறது. அனல் வந்து முகத்தில் அடித்திருக்கிறது.

பிரின்சிபால் அறையின் ஏசிதான். வெயில் தொடங்கியபோது ஒரு விடுமுறை நாளில் ஆள் வைத்து மாட்டியிருக்கிறார்கள். அதன் வெளிப்பெட்டி சந்துக்குள் அனலை ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. பிரின்சிபால் சிக்கனமான மனிதர். சாப்பாட்டு மணிக்குச் சரியாக ஏசியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். பிள்ளைகள் பெட்டியைப் பார்க்கப் போவதும் அந்த மணிக்குத்தான். அவர்கள் போகும்போது சந்து சத்தமில்லாமல் இருக்கும். ஆனால் தெர்மாமீட்டர் காலையில் பட்ட சூட்டைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கும். இப்படித்தான் எங்கள் முன்கூடத்தில் மாதக்கணக்காகச் சிவப்பு தொங்கியது.

அவள் என் அறைக்குள் வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. விஷயத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. உலகம் கெட்டுப்போச்சு என்று அத்தனை பேர் உச்சுக் கொட்டியது பிரின்சிபாலின் ஏசிக்காகவா! அவள் கண்ணைப் பார்த்தேன். சிரிப்பை விழுங்கிவிட்டேன்.

விளையாட்டுத் திடலின் மரத்தடியில் இன்னொரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, ஏசி ஓடும்போதும் ஓடாதபோதும் இரண்டையும் பிள்ளைகளை விட்டே பார்க்கச் சொன்னாள். வித்தியாசம் ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு. இவ்வளவு கழித்துக்கொள் என்று சொல்லவும் வழியில்லை. பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"விழா முடியட்டும் டீச்சர். பெட்டிய அப்புறம் சத்தமில்லாம மாத்திக்கலாம். நூல் கலர பார்த்து யாருக்கு என்ன தெரியப்போகுது?"

"பிள்ளைங்களுக்குத் தெரியும் சார்."

"பிள்ளைங்கள நீங்க பார்த்துக்கோங்க. அம்மாகிட்ட உங்களப் பத்திப் பேச வேண்டியவன் நான். அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க."

அவள் வீட்டுக்காரரும் அதையே வேறு மாதிரி சொன்னாராம். "பொய் சொல்லச் சொல்லல. வாயத் திறக்காம இருன்னுதான் சொல்றேன். பாப்பா இப்பத்தான் ஒரு ஃப்ரெண்ட் பிடிச்சிருக்கா." இதை என்னிடம் சொல்லிக்கொண்டே என் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாள். அவர் சொன்னதில் தப்பு என்ன என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது.

விழாவுக்கு முந்தைய நாள் மதியம் நான் முன்கூடத்துக்குப் போனால், பட்டை தரையில் கிடக்கிறது. பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். காத்தாடி கையில் என்னுடைய கத்தரிக்கோல்.

"என்ன பண்றே?"

"சிவப்ப மட்டும் பிரிச்சுடறேன்க்கா. இருக்கிறது பொய்யா இருக்கிறதவிட இல்லாமலே இருக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம். "பிரிச்சுப் பாரு, கைய ஒடிச்சுடுவேன். யாரக் கேட்டுப் பிரிக்கிறே? ஒவ்வொரு வரியிலயும் ஒரு பிள்ளை கை இருக்கு. கொக்கி பிடிக்கத் தெரியாம அழுத பயல் பின்னினதுடி இந்த வரி. அவன் கண்ணால பார்த்தத பின்னியிருக்கான். பெட்டிய தப்பான எடத்துல வச்சது நீ. அவன் எந்தப் பொய்யும் சொல்லல!"

அவள் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். இவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

"அப்ப என்னக்கா பண்றது?"

"துணியில கறை பட்டா தூக்கியா எறியறோம்? தெரிஞ்சே இருக்கட்டும். கறுப்பு நூல் எடு."

தப்பான நாட்கள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகின்றனவோ, அந்த நீளத்துக்கு இரண்டு ஓரத்திலும் கறுப்பு நூலால் கரை போட்டோம். அவள், நான், பிள்ளைகள் எல்லோரும். பிரின்சிபால் ஊரில் இல்லாத அந்த ஒரு வாரம் மட்டும் கரையில்லாமல் மஞ்சளாகத் துண்டாக நின்றது. வேலை நடக்கும்போது பிரின்சிபால் அந்தப் பக்கம் வந்தார். "கறுப்பு பார்டரா? நல்லா எடுப்பா இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போனார். வகுப்பில் வாய் ஓயாத ஒரு பெண்ணுக்குத் தொணதொணப்பு என்று பெயர். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் தாளாளர் அம்மா மேடையில் பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிரின்சிபால் பக்கத்தில் நின்று நம் பள்ளி, நம் முயற்சி என்று அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் விரல் கறுப்புக் கரையில் நின்றது.

"இது என்ன?"

பிரின்சிபால் அழகுக்கு என்று ஆரம்பித்தார். காத்தாடி வாயைத் திறப்பதற்குள் தொணதொணப்பு முந்திக்கொண்டாள்.

"அது வெயில் இல்லைங்க. பிரின்சிபால் சாரோட ஏசி."

கூட்டம் ஒரு கணம் விளங்காமல் இருந்தது. பிறகு பின்வரிசையில் யாரோ சிரிக்க, அப்படியே மண்டபம் முழுக்கப் பரவியது. பிரின்சிபால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போச்சு, இவள் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவள் மைக்கைக் கையில் வாங்கி, பெட்டி வைத்த இடம், தண்ணீர்த் தொட்டி, அனல், தன் தவறு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

தாளாளர் அம்மா சிரிக்கவில்லை. "அப்ப மத்த கலரெல்லாம் சரின்னு எப்படி நம்பறது?" என்று கேட்டார்.

"இத மட்டும் வச்சு நம்ப முடியாதுங்க. இன்னொரு வருஷம் எடுத்துப் பக்கத்துல வச்சாத்தான் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது வேலை கேட்பதைப்போல ஆகிவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது. காது நுனிவரை சிவந்துபோனாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகான நாட்களை நான் எதிரிக்குக்கூட நினைக்க மாட்டேன். பிரின்சிபால் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் ஆபீஸ் பக்கம் போவாள், பாதி வழியில் திரும்புவாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் சாக்பீஸ் நழுவும். பெட்டியை மரத்தடிக்கு மாற்றவா வேண்டாமா என்று கேட்கக்கூட அவளுக்குத் துணிவில்லை. யாருக்காக மாற்றுவது? அவளுடைய வேலை முடிகிற தேதி வந்துகொண்டிருந்தது. வீட்டில் அவிழ்த்திருந்த ஒன்றிரண்டு சாமான்களையும் மறுபடி கட்ட ஆரம்பித்திருந்தாள். எனக்கும் தூக்கம் போயிற்று. அவள் போனால் அடுத்த அறையில் சத்தம் இருக்காதே என்று நினைத்தேன். சந்தோஷப்படவேண்டிய நான் கலங்கினேன்.

ஒருநாள் காலை சந்திலிருந்து டொக் டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தேன். அவளுடைய வீட்டுக்காரர் ஏணிமேல் நின்று ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது?"

"தாளாளர் அம்மா ஆள் அனுப்பினாங்கக்கா. இத எடுத்து ரோட்டுப் பக்கச் சுவத்துல மாட்டணுமாம். வெள்ளப் பெட்டி இருக்கிற எடத்துலயே இருக்கட்டுமாம், அடுத்த வருஷமும் அங்கேயே அளவு எடுக்கணுமாம்." ஸ்பேனரை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "எடுக்கிறது யாருன்னு நான் கேட்டேன். யார் தப்பா வச்சாங்களோ அவங்கதான்னு சொன்னாங்களாம்."

உள்ளே பிரின்சிபால் பழைய பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது, கொஞ்சமாக.

அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷக் கடைசியில் மறுபடி இதே அலைச்சல், இதே பாடு. அது அவளுக்குத் தெரியும். அப்படியும் அன்று சாயங்காலம் அட்டைப்பெட்டியின் கயிற்றை மகளைவிட்டே அவிழ்க்கச் சொன்னாளாம். இனி வீட்டுப்பாடம் எழுத மேசை இல்லை என்று அது புகார் சொன்னதாம்.

குளிர் வந்தது. முன்கூடத்திலிருந்து ஆறாம் வகுப்புச் சுவருக்கு மாறியிருந்த முதல் பட்டைக்குக் கீழே இரண்டாவது பட்டையின் முதல் வரியைத் தொடங்கும் நாள். என்னிடமிருந்து நீல நூல் கண்டும் போனது, பச்சைக் கண்டும் போனது. எது வேண்டியிருக்குமோ. அவள் அன்று காலையிலிருந்து நிற்கவே இல்லை. மணி அடித்தது. சந்துக்கு ஓடிய பிள்ளை திரும்பி வந்து "பச்சை!" என்றான்.

தொணதொணப்பு ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாலும் சாப்பாட்டு வேளையில் இங்கேதான் கிடப்பாள். சுவரை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், போன வருஷம் இதே நாள் என்ன கலர்?"

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் ஊசியை நிறுத்தினேன். இத்தனை பள்ளிகளில் அவளிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது. யார் கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்திருக்காது.

வெகுநேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மேலே இருந்த பட்டையின் முதல் வரியில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், ஆடாமல் அசையாமல்.

"நீலம்," என்றாள். "போன வருஷம் நீலம். அப்பவும் நான் இங்கதான் இருந்தேன்."